லொறிக்குள் உதைக்கும் குதிரை



பேராதனையில் பிரிந்து, கம்பளை, புசல்லாவ, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ-5 வீதியைத் தெரியாத மலையக மக்கள் இருக்க முடியாது. கம்பளைக்கும் நுவரெலியாவுக்கும் இடையே அறுபது கிலோமீற்றர்கூட இல்லை. அந்தத் தூரத்துக்குள் வீதி கிட்டத்தட்ட 1,400 மீற்றர் உயரம் ஏறிவிடுகிறது. கொழுந்து லொறியும் மரக்கறி லொறியும் நாள் முழுக்க ஏறி இறங்கும் இந்தப் பாதையில், ஏப்ரல் நெருங்கும்போது சிலவேளை வேறு ஒரு பாரமும் மேலே போகிறது. உயர்ந்த பக்கப் பலகைகள், பின்னால் சாய்வாக இறக்கக்கூடிய கதவு, உள்ளேயிருந்து இடையிடையே தகரத்தில் விழும் உதைச் சத்தம். குதிரை.

நுவரெலியாவின் பந்தயத் திடல் 1875 ஆம் ஆண்டிலிருந்து இருந்துவருகிறது. ஏப்ரல் வசந்தகாலக் கொண்டாட்டத்தில் ஆளுநர் கிண்ணப் பந்தயம் பார்க்கப் போகும் கூட்டம் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். திடலில் ஓடும் குதிரையைப் பார்க்கிறோம். அது அங்கே எப்படி வந்து சேர்ந்தது, வழியில் லொறிக்குள் என்ன நடந்தது என்பதை யாரும் கேட்பதில்லை. லொறிச் சொந்தக்காரர் மட்டும் இறக்கிய பிறகு உள்ளே எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். பக்கத் தகரம் புடைத்திருக்கும், நடுத்தடுப்பு வளைந்திருக்கும், பலகை ஓரம் கடிபட்டிருக்கும், தரையில் குளம்பு தோண்டிய பள்ளம் இருக்கும். “குதிரை லொறியை உடைத்துவிட்டது” என்பார்.

குதிரை காரணமில்லாமல் உடைப்பதில்லை. பெரும்பாலும் வாகனம் கட்டப்பட்ட விதம் ஒரு காரணம், அது ஓட்டப்படும் விதம் இன்னொரு காரணம். இந்த இரண்டையும் சரிசெய்யாமல் உடைந்த பலகையை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் ஒவ்வோர் ஏப்ரலிலும் அதே பலகைக்குக் காசு கொடுக்க வேண்டியதுதான்.

இந்தப் பாதையில் குதிரைக்கும் வண்டிக்கும் நேர்ந்த ஒரு பழைய விபத்து எழுத்தில் இருக்கிறது. 1848 இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவில் பண்ணை அமைப்பதற்காக இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் கால்நடைகளையும் கருவிகளையும் கொண்டுவந்தார். அவருடைய குதிரை வண்டி றம்பொடை வரைக்கும் வந்தது. அதற்கு மேலே கணவாயில் அந்தப் பாரத்தைக் குதிரைகளால் இழுக்க முடியவில்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு மேலே போன பேக்கர், மறுநாள் ஹென்றி பேர்க்ஸ் என்ற குதிரைக்காரரை இரண்டு குதிரைகளோடு கீழே அனுப்பினார். குறுகிய பாலங்களிலும் முடக்குகளிலும் பார்த்து ஓட்டு என்று எச்சரித்துத்தான் அனுப்பினார். அடுத்த நாள் பேர்க்ஸிடமிருந்து கடிதம் வந்தது. வண்டியும் குதிரைகளும் பள்ளத்தில் விழுந்துவிட்டன, பள்ளம் எண்பது அடி இருக்கும், குதிரைகள் எழுந்துவிட்டன ஆனாலும் நிலைமை மோசம் என்பது சேதி. அதோடு முடியவில்லை. அதே பேர்க்ஸ் ஒரு யானையையும் அந்தக் கணவாயில் ஓட்டமாக ஓட்டிப் போக, களைப்புத் தாங்காமல் அந்த யானையும் செத்துப்போனது. பேக்கர் இதையெல்லாம் 1855 இல் வெளியான தன் நூலில் எழுதிவைத்திருக்கிறார். ஒரு மனிதரின் அவசரத்துக்கு வண்டி, குதிரைகள், யானை எல்லாமே விலை கொடுத்தன.

இன்றைக்குக் குதிரை வண்டியை இழுப்பதில்லை, வண்டிக்குள்ளே நிற்கிறது. வளைவு வருவதைச் சாரதி பார்க்கிறார், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்கிறார். பின்னால் நிற்கும் 450, 500 கிலோ எடையுள்ள பந்தயக் குதிரைக்குப் பாதையும் தெரியாது, பிடிக்கக் கையும் கிடையாது. கால்களை அகட்டி ஊன்றித்தான் அது சமாளிக்க வேண்டும். இங்கேதான் பல லொறிகளில் தவறு நடக்கிறது. இரண்டு குதிரைகளுக்கு நடுவே போடும் தடுப்பைத் தரை வரைக்கும் பலகையாக அடைத்துவிடுகிறார்கள். பார்வைக்கு அது உறுதியாகத்தான் இருக்கும். ஆனால் குதிரைக்குக் கால் அகட்ட இடம் போய்விடுகிறது. றம்பொடைப் பக்கத்துக் கொண்டை ஊசி வளைவொன்றில் லொறி திரும்பும்போது குதிரை ஒரு பக்கமாகச் சாய்கிறது. காலை வெளியே வைத்து ஊன்றப் பார்க்கிறது, தடுப்பு இடிக்கிறது. பயந்துபோய் உடம்பைத் தடுப்பின் மேல் போட்டுவிட்டு, எதிர்ப்பக்கச் சுவரில் நான்கு கால்களாலும் மாறி மாறி ஏறுவதுபோல உதைக்கத் தொடங்குகிறது. வளைவு முடிந்து லொறி நேரானதும் உதை நின்றுவிடும். அடுத்த வளைவில் மறுபடியும் தொடங்கும். இறக்கும்போது சுவர்த் தகரம் கிழிந்திருக்கும், குதிரையின் கணுக்கால் தோலும் உரிந்திருக்கும்.

இதற்கு மருந்து தடிப்பான தகரம் அல்ல. நடுத்தடுப்பின் கீழ்ப்பாதியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் தொங்கும் றப்பர் விரிப்பைப் போடுவதுதான். அப்போது குதிரை கால் அகட்டி நிற்கும், பக்கத்துக் குதிரையின் காலை மிதிக்கவும் மாட்டாது. இவ்வளவு சின்ன மாற்றத்தால் பல வருடங்களாக உதைத்த குதிரைகள் அமைதியானது குதிரைக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம்.

குதிரையை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துவது என்பதும் முக்கியம். பிரேக் போடும்போது பாரம் முன்னால் தள்ளப்படும். முன்னே பார்த்து நிற்கும் குதிரை அப்போது தலையையும் நெஞ்சையும் காப்பாற்றப் பின்னுக்குச் சாயும். பின்னே பார்த்து நின்றால் அந்தத் தள்ளலைப் பின்பாகத்தின் பெரிய தசைகள் ஏற்றுக்கொள்ளும். 1996 இல் வெளியான ஒரு பிரித்தானிய ஆய்வு, பின்னோக்கி நின்று பயணம் செய்த குதிரைகளின் இதயத் துடிப்பு குறைவாக இருந்ததாகக் கண்டது. ஆனால் முன்னோக்கிக் கட்டுவதற்கென்று செய்த சிறு ட்ரெய்லரில் குதிரையைத் திருப்பி நிறுத்தினால் பாரச் சமநிலை கெட்டுவிடும். லொறியில் இடம் இருந்தால் செய்து பார்க்கலாம். இரண்டு குதிரை ஏற்றும் ட்ரெய்லரில் ஒன்றை மட்டும் ஏற்றினால், அதைச் சாரதியின் பக்கம், அதாவது வலப்பக்கம் நிறுத்த வேண்டும். வீதி இடது ஓரத்துக்குச் சரிந்திருக்கும் நம் நாட்டில் இது கட்டாயம் கவனிக்க வேண்டியது.

இனித் தரை. சுவர் உடைந்தால் காசு போகும். தரை உடைந்தால் குதிரையே போய்விடும். ஓடும் வாகனத்தின் தரைப் பலகை இற்றுப்போய், குதிரையின் கால் கீழே இறங்கித் தார் வீதியில் உரசிக்கொண்டு போன விபத்துகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. முன்னால் இருக்கும் சாரதிக்கு அது தெரியவே தெரியாது.

குதிரை ஏற்றும் மனிதருக்குத் தரையைப் பற்றிய கவலை மிகப் பழையது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாரசீகத்து ஹோர்முஸ் துறையிலிருந்து இந்தியாவுக்குக் குதிரை ஏற்றி வந்த கப்பல்களுக்கு மேல்தளமே கிடையாது என்று மார்க்கோ போலோ எழுதுகிறார். சரக்கை அடுக்கி, அதன் மேலே தோலைப் போர்த்தி, அந்தத் தோலின் மேலேதான் குதிரைகளை நிறுத்திக் கொண்டுவந்தார்கள். பாண்டிய நாட்டு மன்னர்கள் பெரும் விலை கொடுத்து வாங்கிய குதிரைகள் அப்படிக் கடல் தாண்டி வந்தவைதான்.

இன்று தோலுக்குப் பதில் றப்பர் விரிப்பு. அது நல்ல பொருள், வழுக்காது, குளம்புக்கு இதமாகவும் இருக்கும். கேடு அதற்கு அடியில் இருக்கிறது. குதிரையின் மூத்திரமும் சாணமும் விரிப்பின் ஓரத்தால் இறங்கி அடியில் தேங்கும். பலகையாக இருந்தால் உக்கும். அலுமினியமாக இருந்தால் அரித்துப் பொடியாக உதிரும். கம்பளை, நாவலப்பிட்டிப் பக்கத்து மழையில் எந்த மரமும் தானாகக் காயாது என்பதை வீட்டுக் கூரை வைத்திருக்கும் எல்லோரும் அறிவார்கள். ஆகவே ஒவ்வொரு பயணம் முடிந்ததும் விரிப்பைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவைத்து, தரையைத் தண்ணீர் அடித்துக் கழுவி, கதவைத் திறந்துபோட்டுக் காயவிட வேண்டும். விரிப்பு கனமானது, இரண்டு பேர் வேண்டும், வேலை முடிந்த களைப்பில் யாருக்கும் மனம் வராது. ஆனாலும் அன்றே செய்ய வேண்டிய வேலை இது.

சோதிப்பதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். ஒவ்வொரு பலகையையும், முக்கியமாகச் சுவரோடு ஒட்டிய ஓரங்களையும் குதிரையின் பின்கால் நிற்கும் இடத்தையும் அதன் முனையால் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல பலகை முனையைத் தடுத்துத் திருப்பி அனுப்பும். உக்கிய பலகையில் முனை தானாக இறங்கும், இழுக்கும்போது ஈரத் தூளும் கூடவே வரும். அப்படி ஒன்று கண்டால் அதற்கு மேலே புதுப் பலகை அடிப்பது கூடாது. கழற்றி எறிய வேண்டும். பிறகு லொறிக்கு அடியில் படுத்து, பலகையைத் தாங்கும் இரும்புக் குறுக்குச் சட்டங்களைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். துரு பாளம் பாளமாக விழுந்தால் பலகை வேலைக்கு முன்னால் இரும்பு வேலை இருக்கிறது. புதிய பலகைகளுக்கிடையே நீர் வடிய ஒரு சின்ன இடைவெளி விட வேண்டும். ஆணியை விட, குளம்பில் தட்டாத உருண்டைத் தலை போல்ட் நல்லது, நட்டு வெளிப்பக்கம் இருக்க வேண்டும்.

சுவருக்கும் அதே கவனம். வெறும் தகரத்தில் விழும் உதை பெரிய சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்கே பயந்து குதிரை மறுபடியும் உதைக்கும். தடித்த ப்ளைவுட் அடித்து அதன் மேலே றப்பர் தகடு போர்த்தினால் சத்தமும் அடங்கும், சுவரும் தப்பும். கிழிந்த தகரத்தில் ஒட்டுத் தகரம் வைத்து ரிவிட் அடிப்பது அவசரத்துக்கு மட்டும். அதன் விளிம்பு ஒரு பயணத்துக்குள் கத்தியாகத் தலைதூக்கிவிடும். கடிக்கும் குதிரைக்காகப் பலகை விளிம்பில் உருட்டிய இரும்பு ஓரம் போடலாம். அதற்கு முன் அதன் வாய்க்கு எட்டும் இடத்தில் புல் வலை கட்டியிருக்கிறதா என்று பார்க்கலாம், பசித்த வாய்தான் பலகையைத் தேடும். வலை தாழ்ந்து தொங்கினால் கால் சிக்கும். தலைக் கயிற்றை அண்ணாந்து நிற்கும்படி இறுக்கிக் கட்டுவதும் தவறு. தலையைத் தாழ்த்த முடியாத குதிரைக்கு மூச்சுக்குழாயில் சளி தேங்கும், நீண்ட பயணத்தில் அது நெஞ்சு நோயாகிவிடும்.

கராஜில் வெல்டிங் வைக்கும்போது உள்ளே ஒரு பிடி வைக்கோலும் இருக்கக் கூடாது. சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனால் தீப்பிடிப்பது அப்படித்தான்.

அயல்நாட்டு விதிகள் இந்த விஷயத்தில் எவ்வளவு நுணுக்கமாகப் போகின்றன என்பதற்கு இந்தியாவின் 1978 ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகள் ஓர் உதாரணம். சாதாரண லொறியில் குதிரை ஏற்றுவதானால் தரையில் கயிற்று விரிப்போ மரப்பலகையோ போட்டு வழுக்காமல் செய்ய வேண்டும். ஒவ்வொரு குதிரைக்கும் நடுவே குறைந்தது 8 சென்றிமீற்றர் விட்டமுள்ள மூங்கில் கட்ட வேண்டும். தலைகள் எதிரே வரும் வாகனங்களை விட்டு இடப்பக்கம் பார்க்க வேண்டும். ஒரு பராமரிப்பாளர் கூடப் போக வேண்டும். வேகம் மணிக்கு 35 கிலோமீற்றரைத் தாண்டக் கூடாது. மூங்கிலும் கயிற்று விரிப்பும் நம் ஊரில் கிடைக்காத பொருளா? 35 கிலோமீற்றர் வேகம் புசல்லாவ ஏற்றத்தில் ஓட்ட முடியாத வேகமா?

கண்டிப் பகுதி மக்களுக்கு விலங்கை ஏற்றி இறக்குவது புதிய காரியம் அல்ல. எசல பெரஹெராவுக்கு வருடந்தோறும் யானைகள் லொறிகளில் வந்து இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். 2022 மார்ச்சில் மறைந்த நடுங்கமுவ ராஜா என்ற யானை மட்டும் கம்பஹா மாவட்டத்திலிருந்து கண்டி வரை கிட்டத்தட்ட 90 கிலோமீற்றர் தூரத்தை நடந்தே வந்தது. அதற்கு முன்னும் பின்னும் பாதுகாப்புப் படையினர் வந்தார்கள். லொறிக்குள் வரும் விலங்குக்கு அப்படி யாரும் கிடையாது. சாரதியும் பராமரிப்பாளரும்தான் அதற்குப் பாதுகாப்பு.

ஆகவே குதிரையோ மாடோ ஏற்றும் லொறி வைத்திருக்கும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பயணம் எப்போது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இந்த வாரமே இரண்டு பேராகச் சேர்ந்து விரிப்பைத் தூக்குங்கள். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பலகையைக் குத்திப் பாருங்கள். இறங்கினால், அந்தப் பலகை மாறும்வரை அந்த லொறியில் எந்த உயிரையும் ஏற்றாதீர்கள்.