இரு பருவம், ஓர் அடுக்களை



தொண்டை நாட்டுத் தமிழ்ச் சமணர் தொன்றுதொட்டு உழவோடு வாழ்ந்தவர். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் ஏரிப் பாசன நிலமும் வீட்டுக் கொல்லையும் அவர்தம் இல்வாழ்வின் இரு கண்களாக விளங்கின. இன்று அவ்வீட்டுப் பிள்ளைகள் பலர் கடல் கடந்து வாழ்கின்றனர். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் குடியேறிய ஒரு குடும்பத்தின் இல்வாழ்வே இவ்வுரையின் பொருள். மகன், மருமகள், ஏழு வயதுப் பெயரன். கார்த்திகையில் இங்கிருந்து சென்று பங்குனியில் திரும்பும் பாட்டி. குடும்பம் அவ்வளவே.

மெல்பர்ன் தென் அரைக்கோளத்தில் இருப்பது. இங்கே மார்கழிப் பனி பெய்யும்போது அங்கே கோடை. இங்கே ஆனிக் காற்றில் புழுதி பறக்கும்போது அங்கே கடுங்குளிர். கதிரவன் அங்கே வடபால் சாய்ந்து செல்வதால், வடக்கு நோக்கிய சுவரே வெயில் காயும் சுவர். முதல் ஆண்டில் பாட்டி கறிவேப்பிலைத் தொட்டியைத் தென்சுவரோரம் வைத்தார். குளிர்காலத்தில் அது இலையுதிர்ந்து குச்சியாயிற்று. மறு ஆண்டு வடசுவருக்கு மாற்றியபின் பிழைத்துக்கொண்டது.

பருவ மாற்றம் முதலில் தொட்டது இரவுண்ணா நோன்பை. ஆனித் திங்களில் அங்கே மாலை 5 மணி கடந்த சில நிமிடங்களில் கதிரவன் மறைகிறான். பள்ளி விட்டு மூன்றரைக்கு வரும் சிறுவனுக்கு உடனே சோறு. மகனோ அலுவலகத்தில், நாலரை மணிக்கு எல்லாரும் தேநீர் அருந்தும் வேளையில், தன் உணவுப் பெட்டியைத் திறந்து இரவுணவை முடிக்கிறான். மார்கழியிலோ பொழுது சாய இரவு எட்டே முக்கால் ஆகிவிடும். ஊர்ப் பழக்கத்தில் ஆறு மணிக்கு உண்டு முடிக்கும் பாட்டி, வெயில் முற்றத்தில் காய்ந்துகொண்டிருக்கத் திரையை இழுத்துவிட்டு உறங்கச் செல்வார்.

சாதுர்மாசியத்தில் வந்த ஐயம் இதனினும் நுட்பமானது. மழைக்காலத்தில் சிற்றுயிர்கள் பெருகுவதால் துறவியர் ஓரிடத்தில் தங்குவதும், இல்லறத்தார் பலர் கீரையை விலக்குவதும் மரபு. மெல்பர்னிலோ அந்நான்கு திங்களின் தொடக்கம் கடுங்குளிர். பூச்சி புழு குறைவு. வெந்தயக்கீரை தளதளவென்று வளரும் காலம். மருமகள் தொலைபேசியில் கேட்டார்: “அத்தை, இப்போது பறிக்கலாமா?”

பாட்டி சொன்னது: “நோன்பை விடாதேம்மா. ஆனால் காரணத்தையும் மறக்காதே. அங்கே எப்போது புழு பெருகுகிறதோ, அப்போதும் கீரையைத் தொடாதே.”

காரணம் ஆராய்வோர் பெரும்பாலும் விதியைத் தளர்த்தவே ஆராய்கின்றனர். இங்கே காரணம் விதியை இரட்டிப்பாக்கியது. வெயில் ஏறி வெள்ளைப் பட்டாம்பூச்சியின் புழுக்கள் இலையில் தென்படும் நாள்களிலும் அவ்வீட்டார் கீரை பறிப்பதில்லை.

தோட்டத்தின் பெருஞ்சிக்கல் நத்தை. ஈரமான இரவுகளில் வந்து நாற்றுகளை அடியோடு தின்றுவிடும். கடைகளில் அதற்கென நச்சுக் குருணை விற்கிறார்கள், அக்கம்பக்கத்தார் தூவுகிறார்கள். சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில், மதுரைக்குப் புறப்பட்ட கோவலனிடம் கவுந்தியடிகள் வழியின் அருமையைக் கூறுங்கால், கரையோரம் ஊரும் நண்டும் நத்தையும் காலடியில் மிதிபட்டு நோவதைக் கண்டால் அத்துயரம் தாங்கவொண்ணாதது என்று உரைப்பதை இங்கு நினைவுகூரலாம். நத்தையை அடிகள் ‘நந்து’ என்பார். பெயரன் அச்சொல்லைப் பிடித்துக்கொண்டான். விளக்கோடு சென்று நந்துகளைப் பொறுக்கி, வேலிக்கு அப்பாலுள்ள புல்வெளியில் விடுவது அவன் வேலை. தொட்டிகளைச் சுற்றிச் செப்புப் பட்டை ஒட்டினார்கள். ஆயினும் பாதி நாற்று போகத்தான் செய்தது. தக்காளியை நவம்பர் முதல் செவ்வாயன்று நடுவது அந்நகரத்தார் வழக்கம். இவர்கள் வேண்டியதுபோல் இருமடங்கு நாற்று நடுகிறார்கள். பாதி நந்துக்கு.

இனி அடுக்களைக்கு வருவோம். பெயரனுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே பசும்பால் ஒவ்வாமை. பாலின் சர்க்கரை செரிக்காத குறை வேறு, பாலின் புரதத்தை உடல் எதிர்க்கும் ஒவ்வாமை வேறு. முன்னதற்கு லாக்டோஸ் நீக்கிய பால் உதவும். பின்னதற்கு அதுவும் நஞ்சே. நன்றாகக் காய்ச்சிய நெய்யிலும் புரதத்தின் சுவடு எஞ்சலாம். பாட்டி இதை நம்பவில்லை. “நெய் பாலாகுமா?” என்று பருப்புச் சோற்றில் ஒரு கரண்டி ஊற்றினார். அரை மணிக்குள் குழந்தையின் முகம் தடித்து, மூச்சு இரைத்தது. மருத்துவமனையில் ஓர் இரவு. அதன்பின் பாட்டி தம் கையாலேயே நெய்ச் சட்டியை மேல் தட்டில் ஏற்றினார். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை, அதுவே அவருக்குப் பெருந்துயராயிற்று.

பால் உணவு அறத்துக்கு ஒத்ததா என்னும் வாதம் தனி; அதை இங்கே எடுக்கவில்லை. பாலும் கிழங்கும் வெங்காயமும் பூண்டும் ஒருங்கே விலக்கிய சமையல் எவ்வாறு இயலும் என்பதே அவ்வீட்டின் கேள்வி. கடையில் விற்கும் பாலில்லாப் பண்டங்கள் பலவற்றில் உருளைக்கிழங்கு மாவோ பூண்டுப் பொடியோ இருக்கும். ஆகவே பாட்டி ஊரின் பழைய அடுக்களையை நினைவிலிருந்து தேடினார். எள்ளுருண்டை, பொரிவிளங்காய், அதிரசம், தேங்காய்ப்பால் விட்ட பாயசம், எண்ணெயில் தாளித்த பச்சைப்பயறு, கேழ்வரகுக் கூழ்: இவற்றில் பால் ஏது? 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்துண்டு என்று மருத்துவமனையின் உணவு ஆலோசகர் சொன்னபோது பாட்டிக்குப் பெருமை. ஆதிநாதர் ஓராண்டு நோன்பை முடித்தது கரும்புச் சாற்றால்தானே என்று அவர் பெயரனுக்குச் சொல்லிச் சொல்லி ஊட்டினார்.

தயிர்தான் எளிதில் அமையவில்லை. வேர்க்கடலையை ஊறவைத்து அரைத்து, வடித்த பாலைக் காய்ச்சி ஆறவிட்டு, மிளகாய்க் காம்பிட்டு உறைய வைப்பார்கள். கோடையில் உறையும், குளிரில் அசையாது. அடுமனை அடுப்பைச் சூடாக்காமல் அதனுள் விளக்கை மட்டும் எரியவிட்டு, அவ்வெப்பத்தில் வைத்தபின் உறைந்தது. அதுவும் அன்றைக்கே உண்டு முடிக்கும் அளவே. சுவை தயிரன்று என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எலுமிச்சையும் கடுகும் சேர்த்துத் தாளித்தால் மோர்க்குழம்புக்குப் போதும்.

சென்ற ஆண்டு குளிர்கால விடுமுறையில் பெயரன் ஊருக்கு வந்தான். அவன் வருமுன் பாட்டி பாத்திரங்களையெல்லாம் புளியிட்டுத் தேய்த்து, அவனுக்கெனத் தனிக் கரண்டி வைத்திருந்தார். மாலையானதும் அவன் விளக்கை எடுத்துக்கொண்டு கொல்லைக்குச் சென்று, தரை வெடித்த பாத்திகளில் வெகுநேரம் தேடினான்.

“ஒரு நந்துகூட இல்லையே, பாட்டி?”

“மழை பெய்தால் வரும், கண்ணு. அப்போது நீ அங்கே தக்காளி நட்டுக்கொண்டிருப்பாய்.”