தேடுவதா? காட்டியதை நம்புவதா?

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம், ஒரு சங்கதியைத் தெரிந்து கொள்ள மனிதன் யாரிடம் போகிறான் என்பதாகும். வாசகசாலைக்கு இதைவிடப் பொருத்தமான விஷயம் வேறில்லை என்று கருதுகிறோம்.

1998-ம் வருஷத்தில் லாரி பேஜ், செர்கே பிரின் என்ற இரண்டு வாலிபர்கள் அமெரிக்காவில் கூகிள் கம்பெனியை ஆரம்பித்தார்கள். ஒரு பக்கத்தை வேறு எத்தனை பக்கங்கள், எப்பேர்ப்பட்ட பக்கங்கள் சுட்டிக் காட்டுகின்றன என்று கணக்குப் பார்த்து, அதிக சாட்சி உள்ளதை முன்னால் வைப்பதுதான் அவர்கள் செய்த யுக்தி. வெகுகாலம் வரை எதைக் கேட்பதானாலும் ஜனங்கள் அதனிடமே போனார்கள். இப்பொழுது வாலிபர்கள் வேறு பக்கம் திரும்புகிறார்கள். இது நாம் கட்டிச் சொல்வதல்ல. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, கூகிளில் தேடல் பகுதிக்கே பொறுப்பாயிருந்த பிரபாகர் ராகவன் அவர்கள் 2022 ஜூலையில் ஒரு மகாநாட்டில் ஒப்புக் கொண்ட விஷயமாகும். மத்தியானச் சாப்பாட்டுக்கு இடம் தேடும் வாலிபர்களில் 100-க்குச் சுமார் 40 பேர் கூகிளுக்கு வராமல் டிக்டாக்குக்கோ இன்ஸ்டாகிராமுக்கோ போகிறார்கள் என்றார். அது அமெரிக்க வாலிபர்களைப் பற்றிய கணக்கு. டிக்டாக் நம் நாட்டில் 2020 ஜூனிலேயே தடை செய்யப்பட்டு விட்டது. ஆனாலும் பழக்கம் நின்றதா? யூடியூபும், இன்ஸ்டாகிராமும், வாட்ஸ்அப்பும் அந்த வேலையைச் செய்கின்றன.

இதில் நியாயமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. சாப்பாட்டுக் கடையைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போவதில் என்ன குற்றம்? எழுத்து வாசனை இல்லாதவர்களும் படத்தைப் பார்த்து ஒரு தொழிலைக் கற்றுக் கொள்வது நல்லதுதானே? நாம் கேட்பதெல்லாம், கடைக்குச் செய்வதையே வைத்தியத்துக்கும், கடனுக்கும், ஓட்டுக்கும் செய்யலாமா என்பதுதான். 2022 செப்டம்பரில் நியூஸ்கார்ட் என்ற ஸ்தாபனத்தார் டிக்டாக்கில் செய்திகளைத் தேடிப் பார்த்ததில், வந்த படங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று பொய் அல்லது புரட்டாக இருந்தது.

காரணம் என்னவென்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் ஒரு படத்தை எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், யாருக்கு அனுப்பினீர்கள் என்று அந்த யந்திரம் கவனித்து, உங்களை மேலும் உட்கார வைக்கக்கூடியதையே கொண்டு வந்து நிறுத்துகிறது. நிஜமா பொய்யா என்பது அதற்கு இரண்டாம் பட்சம். உங்கள் நேரந்தான் அதற்கு வியாபாரச் சரக்கு. மாட்டுச் சந்தையில் தரகன் பேச்சை மட்டும் கேட்டு, பல்லைப் பிடித்துப் பாராமல் எந்தக் குடியானவனாவது மாடு வாங்குவானா? மாட்டுக்குக் காட்டும் ஜாக்கிரதையை மனிதன் தன் அறிவுக்குக் காட்ட வேண்டாமா?

காட்டியதை நம்பியதன் பலனையும் பார்த்தோம். பாகிஸ்தானில் கராச்சியில், பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக் கொள்ளுங்கள் என்று எச்சரிக்க எடுத்த படம் ஒன்று உண்டு. அதில் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் பிள்ளையைத் தூக்கிக் கொண்டு போய், உடனே திரும்பக் கொண்டு வந்து விட்டு, எச்சரிக்கை எழுதிய அட்டையைக் காட்டுகிறார்கள். அந்தக் கடைசிப் பாகத்தை வெட்டிவிட்டு, நிஜத் திருட்டு என்று நம் நாட்டில் பரப்பினார்கள். இப்படிப்பட்ட வதந்திகள் வாட்ஸ்அப்பில் ஓடிய 2018-ம் வருஷத்தில், மே மாதம் போளூருக்கு அருகில் கோயிலுக்கு வழி கேட்ட ஒரு மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். ஜூலை 1-ந் தேதி மராட்டியத்தில் ரெயின்பாடா கிராமத்தில் நாடோடிகள் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். அடித்தவர்கள் யாரும் பிறவிக் கொலைகாரர்களல்ல, கேள்வி கேட்காதவர்கள். பிறகு அந்தக் கம்பெனியார் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்படுத்தினார்கள். விரலுக்குக் கட்டுப் போட்டார்களே ஒழிய, புத்திக்கு யார் கண் திறப்பது?

அதற்காகக் கூகிளைக் கும்பிடச் சொல்லுகிறோம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அதுவும் விளம்பரப் பணத்தில் வாழ்வதுதான். காசு கொடுத்தவன் சரக்கையும் மேலே வைப்பதுதான். தேடல் வியாபாரத்தில் சட்ட விரோதமாக ஏகபோகம் நடத்தியதாக 2024 ஆகஸ்டில் அமெரிக்கக் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால், பத்து இடங்களை வரிசையாகக் காட்டும்போது, ஒன்றோடொன்றை ஒத்துப் பார்க்க நமக்கு இடமிருக்கிறது. ஒரே முகம் வந்து உறுதியாகப் பேசும்போது அந்த இடமில்லை.

ஆகையால் தோழர்களே! எது வந்தாலும் நான்கு கேள்வி கேளுங்கள். சொன்னவன் யார்? எப்போது, எங்கே நடந்தது? இதனால் அவனுக்கு என்ன லாபம்? சம்பந்தமில்லாத வேறொருவரும் இதையே சொல்லுகிறாரா? படத்தையே கொடுத்து அதன் மூலத்தைத் தேடும் வசதியும் 2011 முதல் கூகிளில் இருக்கிறது. இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்காத செய்தியை அடுத்தவனுக்கு அனுப்பாதீர்கள். நாம் இப்பொழுது சொன்னவைகளையும் அப்படியே நம்பிவிடாமல், வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்து, சரியென்று பட்டால் மாத்திரம் ஏற்றுக் கொள்ளும்படி கேட்டுக் கொண்டு இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.