ஈட்டில் இருந்த வீட்டை மீட்டோம்

(தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில், மட்டக்களப்பு படுவான்கரையில் இருந்து வந்திருந்த சகோதரி ஒருவர் ஆற்றிய உரை. கூடிய மட்டும் அவர் பேசியவாறே தருகிறோம்.)



என்னை வெளியூர்ப் பொம்பளை என்று நினைக்காதீங்க. நானும் லயத்தில் பிறந்தவள்தான். 1983 கலவரத்துக்குப் பிறகு அப்பா பதுளைப் பக்கத் தோட்டத்தை விட்டு, கைக்குழந்தையாக இருந்த என்னையும் தூக்கிக்கொண்டு செங்கலடிக்கு இறங்கினார். பிறகு நான் கலியாணம் முடித்துப் போனது வாவிக்கு மேற்கே, படுவான்கரைக்கு. சூரியன் படுகிற பக்கம் படுவான்கரை, எழுகிற பக்கம் எழுவான்கரை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரைக்கும் எங்கள் ஆட்கள் அந்த இடத்தில் பாதையில்தான் வாவியைக் கடந்தார்கள். பாதை என்றால் அங்கே ரோடு இல்லை, ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு போகிற மிதவை. முதன்முதல் கேட்டபோது நானும் முழித்தேன்.

என்னுடைய வீட்டுக்காரருக்கு ஒரு தோணியும் கொஞ்சம் வலையும். வாவியில் மீன் படாத நாளில் மேசனுக்குக் கையாளாகப் போவார். உங்களுக்குக் கொழுந்து கூடுற மாசம், குறையிற மாசம் மாதிரி எங்களுக்கும் இறால் படுற காலம், படாத காலம் உண்டு. ஆனால் கடன்காரனுக்கு எல்லா மாசமும் ஒரே மாசம்தான்.

மட்டக்களப்பில் ஒரு வழக்கம் இருக்கு. வீடு பொம்பளைப் பிள்ளைக்கு. கலியாணம் என்று வந்தால் பெண்ணின் தாய் தகப்பன் வீட்டைக் கொடுத்துவிட்டு, அதே வளவுக்குள் சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். எங்கள் அப்பா லயத்தில் இருந்து வந்தவர், எனக்குத் தருவதற்கு அவரிடம் வீடு இல்லை. மாமி வீட்டார் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனாலும் என் மகளுக்கு அப்படி ஒரு நிலை வரக்கூடாது என்று எனக்குள்ளே ஒரு வைராக்கியம். அதனால்தான் 2017 தை மாசம், உறுதி இருந்த எங்கள் காணியை ஈடு வைத்து ஐந்து லட்சம் எடுத்து வீட்டைக் கட்டினோம். நூற்றுக்கு 15 வட்டி, பத்து வருசத் தவணை, மாசம் 8,067 ரூபா.

அதோடு ஒரு குழுக் கடனும் இருந்தது. ஐந்து பெண்கள் சேர்ந்து எடுக்கிறது, கிழமைக்கு ஒருதரம் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். முப்பதாயிரம் எடுத்தேன், ஒரு வருசத்தில் 36,000 கட்ட வேண்டும். நூற்றுக்கு இருபதுதானே, வீட்டுக் கடனை விட ஐந்துதானே கூட என்று நான் நினைத்தேன். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்க. முப்பதாயிரமும் முழுசாக என் கையில் இருந்தது முதல் கிழமை மட்டும்தான். ஆறு மாசத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தாச்சு. ஆனால் வட்டியைக் கடைசிக் கிழமை வரைக்கும் முழு முப்பதாயிரத்துக்கும் போட்டு வாங்குகிறார்கள். குறைந்துபோகிற முதலுக்கு வட்டி என்று கணக்குப் பார்த்தால் அது நூற்றுக்கு இருபது இல்லை, கிட்டத்தட்ட முப்பத்தேழு. ஆகவே கடன் கொடுக்க வருகிறவரிடம் "வட்டி எவ்வளவு?" என்று மட்டும் கேட்காதீங்க. "முழுத் தொகைக்கா, மிச்சத் தொகைக்கா?" என்று கேளுங்க.

எங்கள் மாவட்டத்தில் போருக்குப் பிறகு இந்த நுண்கடன் வீட்டுக்கு வீடு வந்தது. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட மூன்றாவது என்று போன பெண்கள் எத்தனையோ பேர். கடன்காரர் வருகிற நாளில் கதவைப் பூட்டிக்கொண்டு வாவிக்கரைப் பற்றைக்குள் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தவளை நான் கண்டிருக்கிறேன். 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், ஒரு லட்சம் ரூபா வரை எடுத்து மூன்று மாசத்துக்கு மேல் கட்ட முடியாமல் போன பெண்களின் கடனை அரசாங்கம் பொறுப்பெடுத்தது. மட்டக்களப்பும் அதில் ஒன்று. 2019இல் நுண்கடனுக்கு வருசத்துக்கு 35 வீதம் என்று மத்திய வங்கி உச்ச வரம்பும் போட்டது. உச்ச வரம்பே முப்பத்தைந்து என்றால், அதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்க.

என் குழுக் கடன் 2017 புரட்டாதியில் முடிந்தது. மாசம் மூவாயிரம் கையில் மிஞ்ச வேண்டும். மூன்று மாசம் கழித்துப் பார்த்தால் ஒரு சதமும் இல்லை. யாரும் குடித்துத் தீர்க்கவில்லை, களவு போகவும் இல்லை. கரைந்து போச்சு.

மார்கழியில் வீட்டுக் கடனுக்குக் கணக்கு அறிக்கை வாங்கினேன். அந்த ஒரு வருசத்தில் நாங்கள் கட்டியது 96,800 ரூபா. முதலில் குறைந்திருந்தது வெறும் 23,400. மிச்சம் 73,400ம் வட்டி. அதை வாசித்துக் காட்டினபோது வீட்டுக்காரர் பிழையாக எழுதியிருக்கிறார்கள் என்று சண்டைக்குப் புறப்பட்டார். பிழை இல்லை. ஈட்டுக் கடன் எல்லாம் அப்படித்தான், தொடக்கத்தில் கட்டுகிற காசை வட்டி தின்னும், முதல் மெதுவாகத்தான் அசையும். ஆனால் இதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். தவணைக்கு மேலே நீங்கள் கட்டுகிற ஒவ்வொரு ரூபாவும் நேரே முதலில் போய் விழும். அந்த ரூபாவுக்குக் கடைசி வரைக்கும் வட்டி இல்லை.

மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாரிடம் போய்க் கேட்டோம். மாசம் 1,500 ரூபா கூடக் கட்டினால் என்ன ஆகும் என்று போட்டுக் காட்டினார். மிச்சம் ஒன்பது வருசம் கட்ட வேண்டியது ஆறரை வருசத்தில் முடியும். ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபா வட்டி மிஞ்சும். மாசம் 1,500 என்றால் நாளுக்கு ஐம்பது.

அந்த ஐம்பதைத் தேடத்தான் ஒரு பாடசாலைக் கொப்பி வாங்கினோம். ஒரு மாசம் ஒரு செலவையும் குறைக்கவில்லை, எழுதினோம், அவ்வளவுதான். மாமிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, வெற்றிலை வாங்கினால் பேத்தியிடம் சொல்லி எழுதுவிப்பார். மாசக் கடைசியில் பார்த்தால் வெட்கமாக இருந்தது. கடையில் கொப்பிக்கு எழுதி வாங்குகிற சாமானுக்கு ஒவ்வொன்றிலும் ஐந்து பத்து கூட. ஷாம்புவும் சவர்க்காரத் தூளும் சின்னச் சின்னப் பக்கட்டில். ஒருவரிடம் சொல்ல வேண்டிய விசயத்துக்கு மூன்று பேருக்கு எடுத்த போன் காசு. பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமை இல்லாமல் பிடித்த ஓட்டோ. அந்த நேரம் ஒரு சிகரெட்டே கிட்டத்தட்ட ஐம்பது ரூபா. அதை நான் சொல்லவில்லை. கொப்பியைப் பார்த்துவிட்டு அவராகவே, "இது மட்டும் போதுமே" என்று சொன்னார். முழுசாக விட்டார் என்று பொய் சொல்ல மாட்டேன், பாதி குறைந்தது.

கடைக் கொப்பியை நிறுத்தினதுதான் பெரிய ஆதாயம். அதற்கு இரண்டு மாசம் கஷ்டப்பட்டோம். பழைய கடனையும் கட்ட வேணும், புதுச் சாமானுக்குக் கைக்காசும் கொடுக்க வேணும். இறால் பட்ட ஒரு கிழமைக் காசை அப்படியே கடைக்காரரிடம் கொடுத்துப் பெயரை வெட்டினோம். அதற்குப் பிறகு அரிசி, மா, சீனி மாசத்துக்கு ஒருதரம், காசு கொடுத்து. முருங்கை, பசளி, கத்தரி வளவுக்குள். மேசன் வேலை இல்லாத போகத்தில் அவர் வயல் வெட்டுக்குப் போய்க் கூலியை நெல்லாக வாங்கி வருவார்.

ஒரு பிழையும் விட்டேன், அதையும் சொல்ல வேணும். சின்ன மகனுக்கு அப்போது மூன்று வயது. குறைக்கிற வேகத்தில் முட்டையை நிறுத்தினேன், வீட்டுக்கு எடுக்கிற மீனையும் விற்றேன். இரண்டு மாசம் கழித்துக் கிளினிக்கில் மருத்துவமாது நிறுத்துப் பார்த்து, அட்டையில் கோடு ஏறவில்லை, படுத்துக் கிடக்கிறது என்று காட்டினார். வீட்டுக்கு வந்தால் மாமி, "என்ன கா புள்ள, வீட்ட மீட்டு மறுகா ஆர இருத்தப் போறாய்?" என்று கேட்டார். பதில் இல்லை. அன்றைக்கே முட்டை திரும்பி வந்தது. பிள்ளையின் சாப்பாடு, பள்ளிக்கூடச் செலவு, மருந்து, இந்த மூன்று பக்கத்திலும் கொப்பியில் சிவப்புக் கோடு போட்டோம். அங்கே கை வைக்கிறதில்லை.

தோட்டத்தில் கோதுமை ரொட்டியும் சாயத் தேத்தண்ணியுமாகக் காலையை ஒப்பேற்றிவிட்டு மலைக்கு ஏறுகிற அம்மாமாரை எனக்குத் தெரியும், என் அம்மாவும் அப்படித்தான். உங்கள் சாப்பாட்டில் குறைக்க இனி ஒன்றும் இல்லை. அதைக் குறைக்கச் சொல்ல நான் வரவில்லை. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனபோது, கூடின காசு எங்கே போனது என்று உங்களில் எத்தனை பேர் சொல்லுவீங்க? என் மூவாயிரம் மாதிரித்தானே? தீபாவளி முற்பணம் சம்பளத்தில் மாசாமாசம் கழிபடுகிறது. கழிந்து முடிந்த அடுத்த மாசம் கை கொஞ்சம் தளரும். அந்த மாசம்தான் பிடிக்க வேண்டிய மாசம். இன்னும் கழிபடுகிறது என்று நினைத்துக்கொண்டு அதே தொகையை அடகில் இருக்கிற நகைக்கோ வீட்டுக் கடனுக்கோ கட்டுங்க. சம்பள நாளிலேயே கட்டுங்க. அடுத்த நாள் என்றால் இருக்காது.

கட்டும்போது ஒன்றைக் கவனியுங்க. நாங்கள் முதல் மூன்று மாசம் கட்டின மேலதிகக் காசை, அடுத்த தவணைக்கு முற்பணம் என்று எழுதி வைத்திருந்தார்கள். முதல் குறையவில்லை. பிறகு, "மேலதிகமாகக் கட்டும் தொகையை முதலில் கழிக்கவும்" என்று கடிதம் கொடுத்து, பிரதியில் கையொப்பமும் வாங்கினோம். முன்கூட்டியே முடித்தால் தண்டப் பணம் உண்டா, வட்டி நிலையானதா, மாறுவதா என்பதையும் அன்றைக்கே கேட்டோம். கடன் எடுக்கிற நாளில் கேட்டிருக்க வேண்டியது.

வாத்தியார் போட்ட ஆறரை வருசத்தில் முடிந்ததா? இல்லை. 2020இல் கொரோனா. தவணையைப் பிற்போடலாம் என்றார்கள், நாங்களும் ஆறு மாசம் பிற்போட்டோம். தவணைதான் நின்றது, எங்கள் கணக்கில் வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. 2022ஐ உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து ஒரே தடவையில் 340 ஆனது. செப்டெம்பரில் விலைவாசி முந்தின வருசத்தை விடச் சுமார் 70 வீதம் கூட. எங்கள் தோணி துடுப்புத் தோணி, அதனால் வாவிக்குப் போக முடியும். நல்ல வேளை, வட்டியும் நிலையான வட்டி. மாறுகிற வட்டிக்கு எடுத்த பக்கத்து வீட்டாருக்குத் தவணை ஏறின ஏற்றத்தைப் பார்த்தோம். அந்த வருசம் ஐம்பது ரூபா உண்டியல் வெறுமையாகவே கிடந்தது. என் தாலிக்கொடியும் அடகுக்குப் போனது. 2023 கடைசியில்தான் மீட்டேன், பிறகுதான் பழையபடி மேலதிகம் கட்டத் தொடங்கினோம்.

இடையில் ஒரு ஆபத்தும் வந்தது. ஒரு தனியார் ஆள், "ஈட்டை நான் கட்டி முடிக்கிறேன், நீங்கள் எனக்கு மெதுவாகத் தாருங்க, ஒரு பாதுகாப்புக்குக் காணியை என் பெயருக்கு அறுதியாக எழுதுங்க, காசு முடிந்ததும் திருப்பி எழுதித் தருவேன்" என்றார். வீட்டுக்காரர் மனம் தளர்ந்துவிட்டார். ஈட்டு உறுதியில் காணி உங்களுடையது, கடன்காரருக்கு அதன் மேல் பாத்தியம் மட்டும்தான். அறுதி உறுதியில் காணி அன்றைக்கே கைமாறிப் போகும், வாயால் சொன்ன வாக்கு நொத்தாரிசு எழுதின எழுத்துக்கு முன் நிற்காது. எங்கள் ஒழுங்கையில் ஒரு குடும்பம் அப்படித்தான் சொந்த வீட்டில் வாடகைக்கு இருக்கிறது. ஒன்றில் கையொப்பம் வைக்கும் முன் அது என்ன உறுதி என்று வாசிக்கத் தெரிந்த இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்க.

2025 சித்திரையில் கடைசிக் காசைக் கட்டினோம், பத்து வருசத் தவணைக்கு ஒன்றே முக்கால் வருசம் முந்தி. கட்டி முடித்த பிறகும் வேலை இருக்கு. ஈடு விடுதலை உறுதி எழுதி, அதைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். பதியாவிட்டால் காசு கட்டி முடித்தும் பதிவேட்டில் காணி ஈட்டிலேயே கிடக்கும். மலையகத்திலும் வீட்டுக் கடன் சம்பளத்தில் கழிந்து முடிந்து, ஏழு பேர்ச் காணிக்கு இன்னும் கையில் உறுதி இல்லாத குடும்பங்கள் பல இருப்பதை நான் அறிவேன். கழிபட்ட சம்பளச் சிட்டைகளை எறியாதீங்க. உங்கள் தோட்டத்து வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்தில், கடன் முடிந்ததா, முடிந்தது என்று எழுத்தில் தருவார்களா என்று கேளுங்க. ஒருவர் போய்க் கேட்பதை விடப் பத்துப் பேர் சேர்ந்து போனால் பதில் வரும்.

பதிவகத்தில் இருந்து வந்த அன்று உறுதியை மாமியின் கையில்தான் கொடுத்தோம். எழுத்துத் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு தாளாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகளுக்கு இப்போது சம்பந்தம் பேசுகிறார்கள். வளவின் பின்பக்கத்தில் நாங்கள் இருக்க ஒரு அறையும் குசினியும் போட வேணும், அதற்குக் கடன் எடுக்கிறதா இல்லையா என்றுதான் வீட்டில் இப்போது வாக்குவாதம்.

சரி, நான் கதைத்தது போதும். கடன் சிட்டை, அடகுச் சிட்டை கொண்டு வந்தவர்கள் முன் வாங்குக்கு வாங்க. தம்பி ஒருவர் கல்குலேட்டரோடு இருக்கிறார். முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்போம்.