பிறப்போடு உறங்கிய பரம்பரையலகு

தாயின் வயிற்றில் வளரும் சிசு தானாக மூச்சு விடுவதில்லை. அதற்கு வேண்டிய ஒட்சிசன் தாயின் குருதியிலிருந்தே கிடைக்கின்றது. அதனைத் தாயிடமிருந்து இழுத்துப் பெறவேண்டுமாயின், சிசுவின் குருதி தாயின் குருதியைக் காட்டிலும் ஒட்சிசன்மீது கூடிய பற்றுடையதாயிருத்தல் வேண்டும். இயற்கை இதற்கு ஒரு வழி செய்துவைத்திருக்கின்றது. குருதிக்குச் செந்நிறம் அளிப்பதும் ஒட்சிசனைச் சுமந்து செல்வதும் ஈமோகுளோபின் என்னும் புரதமாகும். அப்புரதம் சிசுவினிடத்தில் ஒரு வகையாகவும் வளர்ந்தோரிடத்தில் வேறொரு வகையாகவும் அமைந்துள்ளது. குழந்தை பிறந்து ஓராண்டு நிறையுமுன் முதல் வகை பெரும்பாலும் மறைய, இரண்டாவது வகை அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது.

ஆயினும், சிசுவின் ஈமோகுளோபினை ஆக்கிய பரம்பரையலகு அழிந்துபோவதில்லை. மனிதன் எண்பது வயது வாழ்ந்தாலும் அவனது உடலில் அது அப்படியே இருக்கின்றது, ஆனால் உறங்கிக்கொண்டிருக்கின்றது. அதனை உறங்கச் செய்தது யாது? மீண்டும் எழுப்புதல் இயலுமா? இவ்விரு வினாக்களும் வெறும் ஆராய்ச்சிக்கூடத்து வினாக்கள் அல்ல. உலகெங்கும் இலட்சக்கணக்கான குழந்தைகளின் உயிர் இவற்றின் விடையோடு பிணைந்து கிடக்கின்றது.

வளர்ந்தோரின் ஈமோகுளோபினிற் பிழை நேருவதனால் வரும் பரம்பரை நோய்களுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று அரிவாட்கலக் குருதிச்சோகை, மற்றையது தலசீமியா. அரிவாட்கல நோயில், ஈமோகுளோபினின் பீற்றா என்னும் சங்கிலியிலுள்ள 146 அமினோவமிலங்களில் ஆறாவது மாத்திரமே மாறியிருக்கின்றது. குளுற்றாமிக்கமிலம் இருக்கவேண்டிய இடத்தில் வலீன் இருக்கின்றது, பிழை அவ்வளவே. அதன் விளைவோ கொடியது. ஒட்சிசனை இழந்தவுடன் ஈமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளுகின்றன. வட்டமான செங்குழியம் அரிவாள்போல் வளைந்து, நுண்ணிய குருதிக்குழாய்களை அடைத்துத் தாங்கொணா வலியைத் தருகின்றது. இது மூலக்கூற்றில் தோன்றும் நோய் என்பதை 1949ஆம் ஆண்டில் லைனஸ் போலிங் என்னும் அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய துணைவரும் காட்டினர். மாறிய அமினோவமிலம் இன்னதென்பதை 1957இல் கேம்பிரிட்ஜில் வேர்ணன் இங்கிரம் என்பவர் கண்டறிந்தார்.

தலசீமியாவிலோ பிழை வேறு விதமானது. பீற்றாச் சங்கிலி போதியளவு உண்டாவதில்லை, அல்லது உண்டாவதே இல்லை. துணையின்றி எஞ்சிய மற்றைச் சங்கிலிகள் படிவுற்றுச் செங்குழியங்களை அழிக்கின்றன. கடுமையான தலசீமியா உடைய குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை பிறருடைய குருதியை ஏற்றவேண்டும். ஏற்றிய குருதியிலுள்ள இரும்பு இருதயத்திலும் ஈரலிலும் தங்கித் தீங்கு செய்வதால், அதனை வெளியேற்றுவதற்கும் ஆயுள் முழுவதும் மருந்து வேண்டும்.

இந்நோய்களுக்கு எதிரான ஆயுதம் நோயாளரின் உடலிலேயே உறங்கிக் கிடக்கின்றது என்பதை முதன்முதலில் ஊகித்தவர் ஜேனற் வாற்சன் என்னும் குழந்தை வைத்தியராவார். நியூயோர்க்கிற் பணியாற்றிய அப்பெண்மணி 1948ஆம் ஆண்டில் ஒரு செய்தியை வெளியிட்டார். அரிவாட்கல நோயைப் பரம்பரையாகப் பெற்ற குழந்தைகள் பிறந்தவுடன் நோயின் அறிகுறியைக் காட்டுவதில்லை. சில மாதங்கள் சென்றபின்னரே நோய் தலைகாட்டுகின்றது. சிசுவின் ஈமோகுளோபின் இருக்கும்வரை அது குழந்தையைக் காக்கின்றதாதல் வேண்டும் என்று அவர் கருதினார். பின்னர் இக்கருத்துக்கு வேறொரு சான்றும் கிடைத்தது. மிகச் சிலரிடம் சிசுவின் ஈமோகுளோபின் ஆயுள் முழுவதும் குறையாது உண்டாகின்றது. அவர்களுக்கு அதனால் ஒரு தீங்கும் இல்லை. அத்தகையோர் அரிவாட்கலப் பிழையையும் உடன் பெற்றிருந்தால், நோய் அவர்களை வருத்துவதே அரிதாயிருந்தது. இயற்கை தானே செய்து காட்டிய பரிசோதனை இது.

இனி, பரம்பரையலகு ஒன்று எவ்வாறு உறங்குகின்றது என்பதை நோக்குதல் வேண்டும். கண்ணின் கலத்திலும் ஈரலின் கலத்திலும் உள்ள பரம்பரையலகுகள் ஒன்றே. குளத்து நீர் எல்லா வயல்களுக்கும் பொதுவாயினும், எந்த மடை எப்பொழுது திறக்கப்படுகின்றது என்பதைப் பொறுத்தே ஒவ்வொரு வயலின் விளைவும் அமைகின்றது. கலங்களின் நிலையும் அத்தகையதே. பரம்பரையலகுகளுக்கும் மடைகள் உண்டு என்பதைப் பாரிசு நகரத்தில் பிரான்சுவா ஜக்கோப், ஜக் மொனோ என்னும் இருவர் 1961ஆம் ஆண்டில் விளக்கினர். பாற்சர்க்கரை கிடைக்காதபோது அதனைச் சமிக்கச் செய்யும் நொதியங்களைப் பற்றீரியா ஆக்குவதில்லை. அடக்கும் புரதம் ஒன்று உரிய பரம்பரையலகுகளை மூடிவைத்திருக்கின்றது. சர்க்கரை வந்தவுடன் அப்புரதம் விலகுகின்றது. இவ்வாராய்ச்சிக்காக அவ்விருவரும் தம் ஆசானாகிய அந்திரே லுவோவுடன் 1965இல் நோபெல் பரிசு பெற்றனர்.

பற்றீரியாவில் எளிதாகத் தோன்றிய இவ்வுண்மை மனிதரிடத்திற் பெருஞ் சிக்கலாயிற்று. மனிதனுடைய பரம்பரை ஏட்டில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துக்கள் உள. அவ்வேட்டைப் படிக்கும் பெருமுயற்சி 2003ஆம் ஆண்டில் நிறைவெய்தியதாக அறிவிக்கப்பட்டது. புரதங்களை ஆக்கும் பரம்பரையலகுகள் ஏறத்தாழ 20,000 மாத்திரமே என்பதும், அவற்றின் புரதங்களைக் குறிக்கும் எழுத்துக்கள் முழு ஏட்டில் நூற்றுக்கு இரண்டு பங்கினும் குறைவு என்பதும் தெரியவந்தன. எஞ்சிய பெரும்பகுதியைப் பயனற்ற குப்பை என்று சிலர் எண்ணியதுண்டு. ஆனால் மடைகளுட் பல அப்பகுதியிலேதான் அமைந்திருக்கின்றன என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் புலப்படுத்தின.

சிசுவின் ஈமோகுளோபினை அடக்கும் காரணி இந்தப் பரந்த ஏட்டில் எங்கே உளது? அதனைத் தேடும் புதிய முறை ஒன்று 2007ஆம் ஆண்டளவிற் கைகூடிற்று. சிசுவின் ஈமோகுளோபின் சற்றுக் கூடுதலாக உள்ளவர்களையும் குறைவாக உள்ளவர்களையும் சேர்த்து, அவர்களது பரம்பரை ஏடுகளை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு நோக்குவதே அம்முறை. இலண்டனில் சுவீ லே தேன் என்னும் பெண்மணியின் குழுவினர் இவ்வாறு நோக்கியபோது, இரண்டாவது நிறமூர்த்தத்தில் ஓரிடம் தனித்து விளங்கிற்று. சார்டீனியாத் தீவின் மக்களை ஆராய்ந்தோரும் அவ்விடத்தையே கண்டனர். அங்கிருந்த பரம்பரையலகின் பெயர் பீ.சீ.எல்.11ஏ. அதுவரை வெண்குழியங்களோடு தொடர்புடையதாக அறியப்பட்டிருந்த அப்பரம்பரையலகுக்கும் ஈமோகுளோபினுக்கும் உறவு இருக்கும் என்று எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஸ்ருவேட் ஓர்க்கின், விஜய் சங்கரன் முதலியோர் 2008ஆம் ஆண்டில் இதன் உட்பொருளை வெளிப்படுத்தினர். பீ.சீ.எல்.11ஏ ஆக்கும் புரதமே சிசுவின் ஈமோகுளோபினை அடக்கிவைக்கும் காவலன். மனிதனுடைய குருதியாக்கும் கலங்களில் அப்புரதத்தைக் குறைத்தபோது, உறங்கிய பரம்பரையலகு விழித்தது. அரிவாட்கல நோயுற்ற எலிகளின் குருதிக் கலங்களில் அதனை முற்றாக நீக்கியபோது நோய் நீங்கிற்று என்பது 2011இல் அறிவிக்கப்பட்டது.

ஆனால் ஓர் இடையூறு இருந்தது. அதே புரதம் மூளையின் வளர்ச்சிக்கும், நோயெதிர்க்கும் கலங்களின் ஆக்கத்துக்கும் இன்றியமையாதது. பரம்பரையலகையே சிதைத்தால் ஒரு நோயைத் தீர்த்து மற்றொன்றை வரவழைத்ததாக முடியலாம். இவ்விக்கட்டிலிருந்து வழிகாட்டியதும் பழைய ‘குப்பை’யே. டானியேல் பவர் என்பாரும் அவர் குழுவினரும் 2013ஆம் ஆண்டில், அப்பரம்பரையலகின் நடுவே, புரதத்தைக் குறிக்காத பகுதியில், ஓர் ஊக்கிப் பகுதியைக் கண்டனர். அது செங்குழியங்களாக மாறும் கலங்களில் மாத்திரமே வேலை செய்வது. அதனைக் கெடுத்தால் குருதியிற் காவலன் விலகுவான். மூளையிலும் பிறவிடங்களிலும் தன் பணியை வழுவாது செய்வான். அவ்வூக்கிப் பகுதியில் எந்தச் சில எழுத்துக்கள் உயிர்நிலையானவை என்பதும் 2015இல் தெளிவாயிற்று.

அவ்வெழுத்துக்களை வெட்டுவதற்கு வேண்டிய கத்தியும் அதற்கிடையில் ஆயத்தமாகியிருந்தது. பற்றீரியாக்கள் வைரசுகளை எதிர்க்கக் கையாளும் ஓர் உபாயத்தை, விரும்பிய இடத்திற் பரம்பரைப் பொருளை வெட்டும் கருவியாக மாற்றலாம் என்பதை 2012இல் எமனுவேல் சார்ப்பந்தியே, ஜெனிபர் டவுட்னா ஆகிய இருவரும் காட்டினர். கிறிஸ்பர் எனப்படும் இக்கருவிக்காக அவர்களுக்கு 2020ஆம் ஆண்டின் இரசாயன நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

சிகிச்சை நடைபெறும் முறை இது. நோயாளரின் குருதியாக்கும் மூலக் கலங்களைப் பிரித்தெடுத்து, ஆராய்ச்சிக்கூடத்தில் அவற்றின் ஊக்கிப் பகுதியை வெட்டிவிடுகின்றனர். பின் வலிமை மிக்க மருந்தினால் நோயாளரின் என்பு மச்சையிலுள்ள பழைய கலங்களை அழித்து, திருத்திய கலங்களை உடலிற் செலுத்துகின்றனர். முதல் நோயாளருக்கு 2019ஆம் ஆண்டில் இச்சிகிச்சை அளிக்கப்பட்டது. 2023 நவெம்பரில் பிரித்தானியாவும், அடுத்த மாதத்தில் அமெரிக்காவும் இதற்கு அனுமதி வழங்கின. பிரித்தானிய அனுமதிக்கு ஆதாரமான பரிசோதனையில், பயனை மதிப்பிடத்தக்க 42 தலசீமியா நோயாளருள் 39 பேருக்கு ஓராண்டுக்கேனும் குருதி ஏற்றவேண்டிய தேவை ஏற்படவில்லை. அரிவாட்கல நோயாளர் 29 பேருள் 28 பேரைக் கடும் வலி ஓராண்டுக்கேனும் அணுகவில்லை. அரை நோற்றாண்டுக்கு முன் எவரும் துணிந்து கூறியிருக்க முடியாத பெறுபேறு இது.

இவ்வெற்றிக்கு மறுபுறமும் உண்டு. மச்சையை அழிக்கும் மருந்து கடுமையானது; பிள்ளைப்பேற்றுக்கும் ஊறு செய்யக்கூடியது. வாரக்கணக்காக வைத்தியசாலையில் தங்கவேண்டும். அனுமதி கிடைத்தபோது அமெரிக்காவில் இதற்குக் குறிக்கப்பட்ட விலை ஒரு நோயாளருக்கு 22 இலட்சம் டொலர். இந்நோய்களோ பெரும்பாலும் மலேரியா வழங்கிய வெப்ப நாடுகளுக்கு உரியவை. பிழையான பரம்பரையலகை ஒரு பெற்றாரிடமிருந்து மாத்திரம் பெற்றவர்களை மலேரியா எளிதிற் கொல்வதில்லை. அதனாலேயே அப்பிழை அந்நாடுகளில் நிலைத்தது. ஆகவே நோய் மிகுந்துள்ள இடத்தில் மருந்து வாங்கும் வலிமை இல்லை; வலிமை உள்ள இடத்தில் நோய் குறைவு.

இலங்கையும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. மலேரியா இத்தீவிலிருந்து ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2016இற் சான்றளித்தது. ஆனால் அது விட்டுச்சென்ற தலசீமியா ஒழியவில்லை. குருநாகல் தலசீமியா நிலையத்தில் குழந்தைகள் இன்றும் குருதி ஏற்றிச் செல்கின்றனர். இலங்கை வைத்தியரும் ஒக்ஸ்போட் ஆராய்ச்சியாளரும் சேர்ந்து அங்குள்ள நோயாளரை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட முடிவுகள் உலகின் கவனத்தை ஈர்த்தன. ஒரே வகைத் தலசீமியாவுடையோருள் சிலர் மெலிதாகவும் சிலர் கடுமையாகவும் வருந்துவதற்கு, உடன்பெற்ற வேறு பரம்பரை வேறுபாடுகளும் காரணம் என்பதை அவ்வாராய்ச்சி எடுத்துக்காட்டியது.

விலை குறைந்த வழிகளும் முற்றாக இல்லாமலில்லை. ஐதரொட்சியூரியா என்னும் குளிகை சிசுவின் ஈமோகுளோபினை ஓரளவு கூட்டவல்லது. ஆபிரிக்காவின் நான்கு நாடுகளில் அரிவாட்கல நோயுற்ற குழந்தைகளுக்கு அதனைக் கொடுத்தபோது வலியும் மரணமும் குறைந்தன என்பது 2019இல் வெளியாயிற்று. காவலனை வெட்டாமல், குளிகையால் விலக்கும் மருந்துகளைத் தேடும் முயற்சியும் நடைபெறுகின்றது. அது கைகூடுமாயின், அறுவையறையும் பெருஞ்செலவும் இன்றிக் கிராம வைத்தியசாலையிலும் இந்த அறிவின் பயன் கிடைக்கும்.

அந்நாள் வரும்வரை செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. தாயும் தந்தையும் தலசீமியாப் பரம்பரையலகைக் காவுவோராயிருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வருவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. காவுவோர் நோயற்றவர், தாம் காவுவோர் என்பதை அறியாமலே வாழ்நாளைக் கழிப்பவர். சாதாரண குருதிப் பரிசோதனை ஒன்று அதனைக் காட்டிவிடும். சாதகம் பார்ப்பதற்குச் செலவிடும் நேரத்திற் சிறு பங்கை விவாகத்துக்கு முன் அப்பரிசோதனைக்கும் ஒதுக்குதல், பிறக்கவிருக்கும் குழந்தைக்குப் பெற்றோர் செய்யக்கூடிய முதல் உதவியாகும்.