ஹொப்கின்ஸ்: செருக்கும் பணிவும்



தமிழிலே காப்பியம் செய்யப் புகுந்த புலவர்கள் முதலில் அவையடக்கம் பாடுவார்கள். தமது அறியாமையைக் கூறிச் சான்றோரின் பொறுமையை வேண்டுவார்கள். கம்பரும் அப்படித்தான் தொடங்கினார். அடக்கத்தைச் சொன்ன பிறகு பல்லாயிரம் பாடல்களை அவைக்கு முன் வைத்தார். ஆனால், அடக்கத்தின் பொருட்டுப் பாடுவதையே கைவிட்ட ஒரு கவிஞரைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் ஜெராட் மன்லி ஹொப்கின்ஸ்.

1844இல் இங்கிலாந்திலே பிறந்த ஹொப்கின்ஸ் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் கல்வி கற்றார். அங்கிலிக்கன் குடும்பத்தவரான அவர் 1866இல் கத்தோலிக்கரானார். ஜோன் ஹென்றி நியூமனே அவரைத் திருச்சபையில் ஏற்றுக்கொண்டார். துறவியாக முடிவுசெய்து, 1868 மே மாதத்தில் தமது கவிதைகளைத் தீயிலிட்டார். தமது நாட்குறிப்பில் அச்செயலுக்கு அவர் இட்ட பெயர், ஏரோது மன்னன் செய்த குழந்தைக் கொலையை நினைவூட்டுவது. பெற்ற பிள்ளைகளைப் பலிகொடுத்த வேதனை அதிலே தெரிகிறது. நண்பர்களிடம் பிரதிகள் இருந்தமையால் சில பாடல்கள் எஞ்சின.

இது பணிவா? சட்டென்று ஆம் எனச் சொல்ல எனக்குத் தயக்கமுண்டு. நான் சைவன். ஆணவமே மூலமலம் என்று படித்து வளர்ந்தவன். 'நான் துறந்தேன்' என்ற நினைவிலும் 'நான்' ஒளிந்திருக்கும் என்பதை நம் சித்தாந்தம் நன்கறியும். தலையான பாவங்கள் ஏழனுள் செருக்கை முதலில் வைக்கும் கிறிஸ்தவமும் அதை அறியும்.

ஹொப்கின்ஸின் பணிவை நான் காண்பது அந்தத் தீயில் அல்ல. ஏழாண்டுகள் கழித்து நடந்த ஒன்றில். மேலோர் விரும்பினாலன்றி எழுதுவதில்லை என்ற தீர்மானத்தின்படி, இடையிலே இரண்டு மூன்று சிறு பாடல்களைத் தவிர எதுவும் எழுதாமலிருந்தார். 1875 டிசெம்பரில் டொய்ச்லான்ட் என்னும் கப்பல் தேம்ஸ் நதியின் முகத்துவாரத்துக்கு அண்மையில் தரைதட்டியது. பிரஷ்யச் சட்டங்களால் நாட்டை விட்டகன்ற ஐந்து பிரான்சிஸ்கன் கன்னியாஸ்திரிகள் அதில் மாண்டனர். வட வேல்ஸில் அவர் பயின்ற மடத்தின் அதிபர், இதைப் பற்றி யாராவது ஒரு கவிதை எழுதினால் நல்லது என்றார். ஹொப்கின்ஸ் எழுதினார். தம் துறவிலே செருக்குக் கொண்டவராயிருந்தால் அதையே பிடித்துக்கொண்டிருப்பார். துறந்ததையும் துறக்க அவரால் முடிந்தது.

ஆனால், கலையிலே அவர் விட்டுக்கொடுத்தவரல்லர். அசை எண்ணிக்கையைத் தளர்த்தி, பேச்சின் அழுத்தங்களை எண்ணி அடியமைக்கும் புதிய சந்தத்தை அக்கவிதையிலே கையாண்டார். நண்பர் றொபேட் பிறிட்ஜஸுக்கு அது பிடிக்கவில்லை. இயேசு சபையினரின் 'த மன்த்' சஞ்சிகை முதலில் ஏற்றுப் பின்னர் அதை வெளியிடாது விட்டது. ஆயினும் அவர் சந்தத்தை மாற்றவில்லை. செய்யுளில் குறை சொன்னால் வாதாடினார். செய்தவனுக்குப் புகழ் வேண்டுமென்று வாதாடவில்லை. 1879இல் கவிஞர் டிக்ஸன் பரிவோடு அவருடைய கவிதையொன்றைப் பத்திரிகைக்கு அனுப்ப முனைந்தபோது, வேண்டாமென்று தடுத்தார். புகழ் ஆபத்தானது, கிறிஸ்துவே நீதியான விமர்சகர் என்பது அவர் எண்ணம்.

தம் படைப்பைத் தாழ்த்திப் பேசுவது பணிவாகாது. தரத்திலே உறுதியும் உரிமையிலே பற்றின்மையும் சேர்ந்திருப்பதே எழுத்தாளனின் பணிவு. இந்த இரண்டையும் நாம் பெரும்பாலும் குழப்பிக் கொள்கிறோம். மேடையிலே "நான் மிகச் சிறியவன்" என்போம். அதே கவிதையில் ஒரு சொல்லை மாற்றும்படி ஆசிரியர் கேட்டால் முகம் சிவப்போம். என் மாணவர்கள் கவிதையோடு வரும்போது நான் கவனிப்பதும் இதைத்தான்: காயப்படுவது கவிதையா, அதன் கீழே உள்ள பெயரா?

இந்தப் பணிவு அவருக்கு இலகுவாகக் கிடைத்ததென்று நினைக்க வேண்டாம். 1884இல் டப்ளினுக்குக் கிரேக்க மொழிப் பேராசிரியராக அனுப்பப்பட்டார். நூற்றுக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்தித் திருத்திச் சோர்ந்தார். தாம் எதையும் பெற்றெடுக்காத மலடு என்ற ஏக்கம் அவரை வாட்டியது. 1885ஆம் ஆண்டளவில் அவர் எழுதிய இருண்ட பதினான்கடிப் பாடல்கள் அந்த இரவுகளின் சாட்சிகள். அவற்றில் ஆறுதலும் இல்லை, நடிப்பும் இல்லை.

1888இல், மஜோர்க்காவில் இயேசு சபைக் கல்லூரியொன்றின் வாயில்காப்போராக நெடுங்காலம் பணியாற்றிய அல்போன்சஸ் றொட்றிகஸ் புனிதராக உயர்த்தப்பட்டார். அவரைப் பற்றி ஹொப்கின்ஸ் ஒரு பாடல் எழுதினார். புறத்தே எந்த நிகழ்ச்சியுமின்றிக் கதவருகே கழிந்த வாழ்விலும் பெரும்போர் நடக்கலாம் என்பதே அதன் கருத்து. பிறரைப் பாடும்போது தம்மையும் அறியாமல் பாடியிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1889 ஜூன் 8ஆம் திகதி, நெருப்புக் காய்ச்சலால், நாற்பத்தைந்து வயது நிறையுமுன் அவர் காலமானார். பிறிட்ஜஸ் கவிதைகளைக் காத்துவைத்து 1918இல் வெளியிட்டார். தொண்ணூறு வயதைக் கடந்த தாயார் அப்போதும் உயிருடனிருந்தார். அச்சிட்ட 750 பிரதிகள் விற்கப் பத்தாண்டுகளுக்கு மேல் பிடித்தது. அதன் பின்னரே ஆங்கிலக் கவிதையுலகம் அவரைக் கண்டுகொண்டது.

புகழ் வந்தபோது அதைப் பெற்றுக்கொள்ள அவர் இருக்கவில்லை. கவிதைகள் இருந்தன. நல்ல எழுத்துக்கு அது போதும். எழுதியவனுக்கும் அது போதுமென்று சொல்லப் பெரிய மனம் வேண்டும்.