மதுரவாயலில் ஒரு விஞ்ஞானி

(பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வில் வெற்றி பெற்ற நம் குடியிருப்புப் பிள்ளைகளைப் பாராட்டிச் சங்கம் நடத்திய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். படித்தது பி.காம். இந்த ஆள் மரபியலைப் பற்றி என்ன பேசப்போகிறார் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு அதில் ஒரு பழைய பாக்கி இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நம்மில் பலர் தாம்பரம் பைபாஸில் ஏறி மதுரவாயல் பக்கம் அடிக்கடி போய் வருகிறோம். அந்த மதுரவாயலில், சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் கள ஆய்வுக்கூடத்தில், உலகம் அறிந்த ஒரு மரபியல் விஞ்ஞானி வேலை பார்த்தார். பெயர் ஜானகி அம்மாள். 1970இல் இங்கே வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 73. 1984 பிப்ரவரியில் காலமாகும் வரை ஆராய்ச்சியை விடவில்லை.

அவர் தலச்சேரியில் 1897இல் பிறந்தவர். சென்னையில் ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். பிறகு பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியை. கூடப் பிறந்த பெண்களுக்கெல்லாம் வரிசையாகக் கல்யாணம் ஆனது. இவருக்கும் அந்தப் பேச்சு வந்தது. அதே சமயத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து பார்பர் உதவித்தொகையும் கிடைத்தது. ஆசியப் பெண்கள் அங்கே வந்து படிக்கவேண்டும் என்பதற்காகவே 1917இல் ஏற்படுத்திய நிதி அது. ஜானகி அம்மாள் கப்பல் ஏறினார். 1931இல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

திரும்பி வந்து 1934இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். இனிப்பும் பருமனும் உள்ள கரும்பு நம் வடநாட்டுக் குளிரையும் வறட்சியையும் நோயையும் தாங்காது. நாணல் போன்ற காட்டுக் கரும்பு தாங்கும், ஆனால் அதில் இனிப்பு இல்லை. இரண்டையும் கலந்து புது ரகம் கொண்டுவருவதுதான் அந்த நிலையத்தின் வேலை. எது எதோடு சேரும், சேர்ந்தால் பிள்ளைப் பயிர் எப்படி வரும் என்பதைக் குரோமோசோம்களை எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஜானகி அம்மாள் அதைச் செய்தார். கரும்பை மக்காச்சோளத்தோடுகூடக் கலந்து பார்த்தார்.

பிறகு இங்கிலாந்து. அங்கே டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, பயிர்செய்யும் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து 1945இல் புத்தகம் போட்டார். எங்கள் வங்கி பாஷையில் சொன்னால் அது ஒரு பேரேடு. எந்தச் செடிக்கு எத்தனை என்று ஒரே இடத்தில் பார்த்துக்கொள்ளலாம். 1951இல் நேரு அழைத்து நாடு திரும்பினார். 1977இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். மூளை அவருடையது, உழைப்பும் அவருடையது. ஆனால் பார்பர் நிதி இல்லாவிட்டால் மிச்சிகன் இல்லை. கோவையில் தனி ஒரு பெண்ணாகச் சங்கடப்பட்டபோது இங்கிலாந்தில் இடம் கிடைத்தது. ஓய்வு வயது தாண்டிய பிறகு சென்னைப் பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது. ஒரு கட்டத்திலாவது யாராவது "இதெல்லாம் எதற்கு?" என்று கதவைச் சாத்தியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அப்படிக் கதவைச் சாத்தியவன் நான். அதுதான் அந்தப் பாக்கி. இருபது வருடத்துக்கு முன் என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு மரபியல் படிக்கிறேன் என்றாள். "படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவாய்?" என்று கேட்டேன். அந்தக் கேள்வி தப்பில்லை. அப்பன் கேட்கத்தான் வேண்டும். ஆனால் பதிலை நான் தேடவே இல்லை. ஒரு பேராசிரியரைப் போய்ப் பார்க்கவில்லை, ஒரு கல்லூரிப் படி ஏறவில்லை. பி.காம். சேர்த்துவிட்டேன். இன்று நல்ல வேலையில்தான் இருக்கிறாள், என்னைக் குறை சொன்னதும் இல்லை. இப்போது அவள் மகள் பதினொன்றாம் வகுப்பு. போன மாதம் என்னிடம் வந்து, "தாத்தா, ஜெனிடிக்ஸ் படிக்கலாமா?" என்றாள்.

இந்தத் தடவை விசாரித்தேன். நம் பக்கத்திலேயே, தரமணியில், சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில் மரபியல் துறை இருக்கிறது. எம்.எஸ்ஸி. படித்தவர்கள் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். பெற்றால், ஆராய்ச்சி செய்யும்போதே முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். 2023இல் உயர்த்திய தொகை இது. உயிரித் தொழில்நுட்பத் துறைக்குத் தனித் தேர்வும் உண்டு. எல்லோருக்கும் கிடைக்காது, போட்டி கடுமைதான். அதற்கு முன் டிகிரிக்கு மூன்று வருடம், எம்.எஸ்ஸி.க்கு இரண்டு வருடம், ஆக ஐந்து வருடச் செலவு வீட்டைச் சேர்ந்தது. பல பிள்ளைகள் நின்றுபோவது அந்த ஐந்து வருடத்தில்தான்.

அங்கே என்னால் கொஞ்சம் உதவ முடியும். கல்விக் கடனுக்கு வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கலாம். வங்கிகளின் பொதுத் திட்டப்படி ஏழரை லட்சம் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை. விண்ணப்பத்தில் எந்த இடத்தில் தப்பு வரும், எந்தக் காகிதம் குறையும் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை சங்க அறையில் இருப்பேன். கட்டணம் கிடையாது. நம் குடியிருப்பில் பேராசிரியர்கள் இருக்கிறீர்கள், ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர்கள் இருக்கிறீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து பிள்ளைகளோடு பேசுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று மட்டும். என்ன வேலை கிடைக்கும் என்று கட்டாயம் கேளுங்கள். கேட்டுவிட்டு, பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் பதிலைத் தேடுங்கள்.

என் பேத்திக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் இரண்டு பேருமாகத் தரமணி போய் விசாரித்துவிட்டு வரப்போகிறோம்.