நெடுவழிக் குதிரையின் குருதியும் சிறுநீரகமும்



ஆண்டுவிழா மேடையில் குதிரையைப் பற்றிய பேச்சா என்று சிலர் வியக்கக்கூடும். மோட்டார் கார்களுக்குத் தடையுள்ள மாத்தேரான் மலையில் நம் குழந்தைகளைச் சுமந்து செல்வது குதிரையே. அதன் உடலினுள் நிகழ்வதை நாம் சிறிதேனும் அறிதல் தகும்.

ஓய்வாக நிற்கையில் குதிரையின் இதயம் நிமிடத்திற்கு 30 முதல் 40 முறை துடிக்கிறது. மிதமாக ஓடும்போது அத்துடிப்பு நூறைக் கடந்துவிடும். மண்ணீரல் சுருங்கித் தான் சேமித்து வைத்த செங்குருதியணுக்களைக் குருதியோட்டத்தில் கலக்கிறது. மனிதருக்கு இத்தகைய சேமிப்பு மிகச் சொற்பம். பெருகிய குருதி தசைகளுக்கும், வெப்பத்தைப் போக்கும் தோலுக்கும் விரைகிறது. சிறுநீரகத்தின் பங்கு குறைந்தபோதிலும், மிதமான உழைப்பில் அது வடிகட்டும் தொழிலைப் பெரும்பாலும் கைவிடுவதில்லை.

இடர் நேர்வது வியர்வையால். வெயிலில் நெடுநேரம் உழைக்கும் குதிரை மணிக்குப் பத்து லிட்டருக்கு மேலும் வியர்க்கக்கூடும். நம் வியர்வையில் குருதியைவிட உப்புக் குறைவு. ஆதலின் வியர்க்க வியர்க்கக் குருதியில் உப்புச் செறிந்து தாகம் எழுகிறது. குதிரையின் வியர்வையோ குருதிக்கு நிகராக, சில வேளை அதனினும் மிகுதியாக உப்புடையது. நீரும் உப்பும் ஒருங்கே போய்விடுவதால் தாகம் போதிய அளவு எழுவதில்லை. தொட்டியருகே முகம் திருப்பும் குதிரைக்கு நீர் வேண்டியதில்லை என்று கருதுவது எளிது, உண்மை நேர்மாறானது. அவ்வேளையில் ஆல்டோஸ்டிரோன் என்னும் சுரப்பின் ஏவலால் சிறுநீரகம் சோடியத்தைக் கஞ்சன்போல் காக்கிறது. சிறுநீர் சுருங்கி நிறம் அடர்கிறது.

லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கரைத்த நீரை முதலிற் கொடுத்தால் தாகம் தணியாமல் நிற்கும். பின்னர்த் தூய நீரையும் குதிரை விரும்பிப் பருகும். இதனை முன்னரே பழக்கவேண்டும். சூடேறிய குதிரைக்கு நீர் காட்டலாகாது என்னும் பழைய அச்சத்தை நாம் ஏற்பதற்கில்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த ஆய்வுகள், உடலெங்கும் குளிர்நீர் ஊற்றுவதாலும் தீங்கில்லை என்று காட்டின.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நொண்டும் குதிரைக்கு வலி தீர்க்கப் பினைல்பூட்டசோன் கொடுப்பது வழக்கம். நீர் வற்றிய உடலில் சிறுநீரகக் குழாய்களை விரித்து வைத்திருப்பவை புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள். அம்மருந்து அவற்றின் உற்பத்தியையே தடுக்கிறது. குருதி எட்டாமல் சிறுநீரகத்தின் உட்பகுதி அழுகிப் போகலாம். ஆகவே குதிரைக்காரர் ஊசியைத் தேடுமுன் வாளியைத் தேடட்டும். மருந்தை மருத்துவர் வந்து முடிவு செய்யட்டும்.